பளபளா மாமாவும் பாலம் தாண்டாத பூச்சிகளும்

என் தாய்மாமாவுக்கு ஊர் வைத்த பெயர் பளபளா. பாதிக் காரணம் அவருடைய கறுப்புக் கார். மீதிக் காரணம் அவருடைய தலை. காரை அவர் வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து மின்ன வைத்தார். தலை யார் தயவும் இல்லாமல் தானாகவே மின்ன ஆரம்பித்தது. "காருக்குப் போட்ட பாலிஷ்ல மிச்சம் இருந்தா வீணாக்க மாட்டார், தலையில தடவிக்குவார்" என்பது அத்தையின் விளக்கம்.

மாமா லாரியில் கிளீனராக ஏறியவர். டயரைத் தட்டிப் பார்ப்பதில் தொடங்கி, ஸ்டியரிங் பிடித்து, கடைசியில் ஒரு கம்பெனி முதலாளிக்குச் சொந்த டிரைவர் ஆனார். முதலாளி புது வண்டி வாங்கியபோது பழைய கறுப்பு வண்டியை யாருக்காவது தள்ளிவிடப் பார்த்தார். "அத இன்னொருத்தன் தொட்டா எனக்குத் தொண்டையில சோறு இறங்காது முதலாளி" என்று சொல்லி, மாமா வண்டியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார். முதலாளிக்குப் புது வண்டியோடு புது டிரைவரும் தேட வேண்டியதாயிற்று.

வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்த மாமாவுக்கு அமைந்த இடம்தான் அவருடைய அதிர்ஷ்டம். பெரிய ரோடு ஓடையைத் தாண்டுகிற இடத்தில், ரோட்டுக்கு அடியில் தண்ணீரைக் குழாய்க்குள் விட்டுக் கட்டிய குழாய்ப் பாலத்துக்கு நேர் மேலே, ரோட்டோரத்தில் ஒரே ஒரு கார் நிற்கிற அளவுக்கு ஒரு திட்டு. எதிரே பிரசவ ஆஸ்பத்திரி. பின்னால் இறங்கும் சந்தில் அவருடைய வீடு. புதிதாய்ப் பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தக் கார்தான். பிள்ளையின் முதல் பயணம், கண்ணாடி மாதிரி மின்னுகிற வண்டி, யாருக்குத்தான் மனசு வராது? போனில் வண்டி கூப்பிடுகிற காலம் வந்த பிறகும் மாமா அசையவில்லை. "எவனோ முகம் தெரியாதவன் எனக்கு அஞ்சு நட்சத்திரம், நாலு நட்சத்திரம்னு மார்க் போடுறதா? நான் என்ன பரிட்சையா எழுதுறேன்?" என்பார். அந்தத் திட்டு இருக்கும்வரை அவருக்குப் போன் தேவையில்லை. திட்டு போனால் வண்டி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையையும் தொடங்கியதில்லை; மாமாவுக்காக இந்த முறை இவ்வளவு நேரம் பொறுத்தேன். விலங்கியலில் பட்டம் வாங்கிக்கொண்டு, நீர்நிலை ஆய்வில் உதவியாளர் வேலையும் வாங்கிக்கொண்டு, ஒரு பெட்டியோடும் வலையோடும் மாமா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தேன்.

முதல்நாள் சாப்பாட்டிலேயே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"வேலை என்ன மாப்ளே?"

"ஓடையில பூச்சி எண்ணணும் மாமா."

மாமா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "உங்கம்மா அங்க வயல்ல குனிஞ்சு குனிஞ்சு உன்னைப் படிக்க வெச்சா. நீ இங்க வந்து ஓடையில குனியப் போறியா?"

"இது அரசாங்கச் சம்பளத்துல குனியுறது மாமா."

"சரி, அப்ப கௌரவமா குனி" என்றார் அத்தை, குழம்பை ஊற்றிக்கொண்டே.

எந்த ஓடை என்று மாமா கேட்டார். உங்கள் காருக்கு அடியில் ஓடுவதுதான் என்றேன். அப்புறம் விஷயம் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ரோட்டுக்கு மேல்பக்கம் ஒரு காலத்தில் சாயப் பட்டறை இருந்தது. ஓடை தினம் ஒரு நிறத்தில் ஓடியது. பட்டறையை மூடி, கழிவை அள்ளி, கரையில் செடி வைத்துப் பல வருஷமாகிவிட்டது. தண்ணீர் இப்போது கண்ணாடி. ஆனால் அந்தத் தண்ணீரில் உயிர் என்று சொல்ல ஒன்றும் வரவில்லை. கல்லைப் புரட்டினால் வெறும் கல். ரோட்டுக்குக் கீழ்ப்பக்கமோ, இன்னொரு சிற்றோடை வந்து சேருகிற புண்ணியத்தில், எந்தக் கல்லைத் திருப்பினாலும் மூன்று வாலோடு ஒரு குட்டிப் பூச்சி ஓடும். நடுவில் இருப்பது ரோடும் ஒரு குழாயும்தான். கீழே இருப்பது ஏன் மேலே போகவில்லை என்பதுதான் ஆய்வு.

"மேல போக முடியும்னு தெரிஞ்சா?"

"குழாயை அப்படியே விட்டுடுவாங்க மாமா. கொஞ்சம் பொறுத்தா தானா எல்லாம் வந்து சேந்துடும்னு அர்த்தம்."

"முடியாதுன்னா?"

"குழாயை உடைச்சு எடுத்துட்டு அகலமா, உசரமா, திறந்த பாலம் கட்டுவாங்க. வெளிச்சம் உள்ள போற மாதிரி."

"அதுல என் வண்டி நிக்கிற திட்டு?"

நான் தண்ணீர் குடித்தேன். "இருக்காது மாமா. ஓரத்துல கம்பிதான் வரும்."

மாமா தட்டைத் தள்ளி வைத்தார். "ஆக, பூச்சி தாண்டுனா நான் நிப்பேன். தாண்டலேன்னா நான் போவேன். என் பொழப்பு ஒரு பூச்சி கையிலயா இருக்கு?"

"கை ஏதுங்க அதுக்கு" என்றார் அத்தை. "ஆறும் காலுதான்."

மறுநாளிலிருந்து மாமா பூச்சிகளின் கட்சியில் சேர்ந்துவிட்டார். நான் முழங்கால்வரை தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டும்போதெல்லாம் மேலேயிருந்து, ரோட்டோரத்தில் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழாத குறையாக, மாமாவின் குரல் வரும். "வந்துச்சா?"

"இல்ல மாமா."

"நல்லாப் பாரு. கண்ணாடி போட்டுப் பாரு. படிச்ச கண்ணு, அதான் தெரியல."

கீழ்ப்பக்கம் பூச்சிக்கு என்ன கஷ்டம் என்று அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. உள்ளிருந்து தண்ணீர் கொட்டுகிற வேகத்தில் ஊர்ந்து ஏற எந்தப் பூச்சிக்கும் தெம்பில்லை. சிறகு முளைத்ததும் பெண்பூச்சிகள் தண்ணீரின் மினுக்கத்தைப் பார்த்தே ஓடையை எதிர்த்துப் பறக்கும். மேலே போய் முட்டையிடத்தான் அந்தப் பயணம். ஆனால் இங்கே வந்ததும் மினுக்கம் அறுந்துபோகும். எதிரே ஒரு மண்மேடு, ஒரு இருட்டுப் பொந்து.

"உள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் வர வேண்டியதுதானே?" என்றார் மாமா.

"நீங்க விளக்கு இல்லாத சுரங்கத்துல வண்டி விடுவீங்களா?"

"ஹெட்லைட்டு இருக்கே."

"அதுக்கு இல்ல மாமா."

அப்படியானால் அவை எங்கே போகின்றன என்பதற்கு, அதே வாரம் பொழுது சாய்கிற வேளையில் பதில் கிடைத்தது. மாமா ரோட்டிலிருந்து கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால், காரின் பானெட் மேல் மூன்று வால் பூச்சிகள் ஆடிக்கொண்டிருந்தன. மேலே எழும், இறங்கும், வயிற்றின் நுனியைப் பெயிண்டில் தொடும், மறுபடி எழும். தொட்ட இடமெல்லாம் சிறு சிறு மஞ்சள் பொட்டு.

"என் வண்டிய கக்கூஸாக்குதுங்க மாப்ளே!"

"அது முட்டை மாமா."

அது காய்ந்தால் பெயிண்டைக் கடிக்கும் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். மறுநாள் மாமா கடைவீதிக்குப் போய்க் காரை மூடப் பெரிய பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்று வாங்கி வந்தார். கறுப்புத் தார்ப்பாய். அதில் தூசு இருந்தால் பெயிண்டில் கீறல் விழுமே என்று அதையும் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று விரித்தார். அன்று மாலை வந்த கூட்டத்தை நான் கீழ்ஓடையில்கூடக் கண்டதில்லை. பானெட், கூரை, டிக்கி என்று இண்டு இடுக்கு விடாமல் ஆட்டம்.

மாமா தார்ப்பாயை உருவிவிட்டு என்னிடம் நியாயம் கேட்டார். "ஊர்ல எத்தனை வண்டி நிக்குது. வெள்ள வண்டி நிக்குது, தூசி வண்டி நிக்குது. ஏன் என்னைத் தேடி வருது?"

"மாமா, அதுக்கு நம்ம மாதிரி தண்ணியத் தெரியாது. கறுப்பா, வழவழன்னு, ஒரு சீரா மினுங்கினா அதுதான் தண்ணி. உங்க வண்டிய அது ஓடைன்னு நெனைக்குது."

மாமா கையிலிருந்த தார்ப்பாய் அப்படியே நின்றது. முகத்தில் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"என் பாலிஷப் பாத்தா?"

"ஆமா."

"தண்ணின்னு?"

"ஆமா மாமா."

"தண்ணியிலயே பொறந்த பூச்சி, தண்ணின்னு ஏமாறுது?"

"அப்படித்தான்."

அவ்வளவுதான். அதன்பின் ஊரில் அந்தக் கதையைக் கேட்காமல் யாரும் காரில் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பிரசவம் முடிந்து களைத்துப்போய் வருகிற பெண்ணிடம்கூட, "அம்மா, கதவைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்று ஆரம்பித்துவிடுவார். வண்டியை வேறெங்காவது நிறுத்தலாமே என்றால், "ரசிகர்களை ஏமாத்தச் சொல்றியா?" என்று முறைத்தார். தார்ப்பாயை மடித்து அத்தையிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு புது முறை வந்தது. பொழுது சாயும்போது காருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். பூச்சிகள் ஆடி முடிக்கும்வரை பொறுமையாக இருப்பார். முட்டை காய்வதற்கு முன்னால் ஈரத்துணியை எடுத்து, குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரி ஒத்தி எடுத்து, துணியை வாளியில் அலசுவார். அழுத்தித் துடைத்தால் கீறல் விழும் என்பது அவருடைய சட்டம். நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்பதால், வாளியை நிரப்பவும் கவிழ்க்கவும் வீட்டுச் சந்து வழியாக மேல்பக்கத்து ஓடைப் படித்துறைக்கு இறங்குவார்.

நாட்கள் ஓடின. கல்லைப் புரட்டினேன், வலை போட்டேன், மேல்பக்கம் எங்கேயும் ஒன்றுமில்லை. ஆய்வு முடிகிற காலம் நெருங்கியது. மாமா "வந்துச்சா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் மாலை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பூச்சிகளிடமே பேசிக்கொண்டிருந்தார். "பாருங்கம்மா, இங்க வந்து ஆடுறீங்க, சந்தோஷம். இன்னும் ஒரு எட்டு, அந்தப் பக்கம் பறந்துட்டா என்ன கேடு? ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

அப்புறம் ஒருநாள் காலை, மேல்பக்கம் ஒரு கல்லைத் திருப்பினேன். அடியில் எள்ளளவு ஒன்று ஓடியது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று வால். அடுத்த கல்லில் நான்கைந்து. தண்ணீரிலிருந்தே கத்தினேன்: "மாமா! வந்துடுச்சு!"

மாமா படியில் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று ஓடையோடு போய்விட்டது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தட்டில் வைத்த குட்டிகளைப் பார்த்து, தலையில் கை வைத்து, "தாண்டிட்டீங்களாடி ராஜாத்திங்களா" என்றார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் பிள்ளைக்கு வாடகை வாங்கவில்லை.

நான்தான் அவருடைய சந்தோஷத்தைக் கெடுத்தேன். ஓடை நெடுகிலும் பார்த்து வந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. படித்துறையிலிருந்து குழாய்வரை எல்லாக் கல்லிலும் குட்டி. படித்துறைக்கு மேலே ஓரடி தள்ளிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. தானாகப் பறந்து வந்திருந்தால் படித்துறையைக் கண்டு ஏன் நிற்க வேண்டும்? மேடம் மறுநாள் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர்தான் ஆய்வுக்குத் தலைவர். ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்பவர். நான் மாடியில் குழம்பிக்கொண்டிருந்தபோது கீழே அத்தையின் குரல் கேட்டது.

"எத்தனை தடவ சொல்றது, வாளியப் படியில கவுக்காதீங்கன்னு. வழுக்குது. நாளைக்கு யாராவது விழுந்து வெச்சா உங்க பாலிஷ்தான் காரணம்னு சொல்லுவேன்."

நான் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் மாமாவிடம் சொன்னேன். பூச்சி தாண்டவில்லை. முட்டையை நீங்கள் துணியில் எடுத்து, வாளியில் அலசி, மேல்பக்கத்தில் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறீர்கள். காய விடாமல், நசுக்காமல், தினம் தினம்.

மாமா சட்டைப் பொத்தானைப் போடுவதை நிறுத்தினார். "எப்படி வந்துச்சுன்னு யாரு கேக்கப் போறா? வந்துச்சா இல்லையா, அதான் கேள்வி."

"மேடம் கேப்பாங்க. நான் சொல்லித்தான் ஆகணும்."

"தாய்மாமன் மடியில வெச்சு உனக்குக் காது குத்தல?"

"குத்துனீங்க."

"வலிக்காம குத்துனேனா இல்லையா?"

"வலிச்சுது மாமா."

அன்று எனக்குக் காபி வரவில்லை. வெயில் ஏறியதும் மேடம் வந்தார், கூடவே ரோடு இன்ஜினியரும் வந்தார். ரோட்டைத் தோண்டுவதென்றால் இன்ஜினியருக்கு ஆகவே ஆகாது. போக்குவரத்தைத் திருப்ப வேண்டும், ஊர் முழுக்கத் திட்டு வாங்க வேண்டும். குட்டிப் பூச்சிகளைத் தட்டில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, பெற்றவள்கூட அப்படி மலர மாட்டாள்.

மாமா காருக்குப் பக்கத்தில், எதுவும் காதில் விழாதவர் மாதிரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் ஓர் அடி முன்னால் வந்தேன். "மேடம், ஒரு விஷயம்..."

"இருப்பா, இதப் பாக்கவிடு" என்றார் மேடம். கல்லைக் கையில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். அவருக்கே குரல் இளகிவிட்டது. "என்ன ஆச்சரியம் பாருங்க சார். இத்தனூண்டு. இந்த ரோட்ட, இந்தக் குழாயத் தாண்டி, ஒருத்தர் உதவியும் இல்லாம தன்னந்தனியா வந்து குடியேறியிருக்கு."

"அதான் மேடம் இயற்கை" என்றார் இன்ஜினியர். "நாமதான் தேவையில்லாம ரோட்டத் தோண்டணும், பாலம் கட்டணும்னு பதறுறோம்."

துடைக்கிற கை நின்றது. நான் மாமாவைப் பார்த்தேன். கழுத்து சிவந்துகொண்டிருந்தது.

"ஒருத்தர் உதவியும் இல்லாமயா?" என்றார் மாமா.

மேடம் திரும்பினார். "நீங்க?"

"தினம் பொழுது சாஞ்சா இந்த ஸ்டூல்ல உக்காந்து, கொசுக்கடி வாங்கி, ஒரு முட்டை உடையாம ஒத்தி எடுத்து, வாளியில அலசி, படி எறங்கி ஊத்துனவன் நானு. தன்னந்தனியா வந்துச்சாம்ல!" வாளியைத் தூக்கிக் காட்டினார். துணியை நனைத்து, பிழிந்து, பானெட்டில் ஒத்திக் காட்டினார். "இப்படி. இழுக்கக் கூடாது. இழுத்தா போச்சு. அப்புறம் நேரா படிக்கு. அதுவா வந்ததுன்னா படிக்கு மேல ஏன் இல்ல? போய்ப் பாருங்க. என் வாளி எங்க கவுந்துச்சோ அங்கதான் இருக்கும்."

சந்தின் முனையில் நின்ற அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைகள் மாமாவின் வாயைத்தான் பொத்த நினைத்தவை.

மேடம் என்னைப் பார்த்தார். "உண்மைதான் மேடம்" என்றேன். "அதத்தான் சொல்ல வந்தேன்."

மேடம் மாமாவிடம் திரும்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. "ஐயா, நீங்க தூக்கிட்டுப் போய் விடலேன்னா?"

"சான்ஸே இல்லம்மா. எத்தனை நாளாப் பாக்குறேன். என் வண்டியத் தாண்டி ஒண்ணு பறக்கணுமே! நான் இல்லேன்னா இந்த ஜென்மத்துல..."

அங்கே நின்றுவிட்டார். காரைப் பார்த்தார். கார் நிற்கிற திட்டைப் பார்த்தார். கையிலிருந்த வாளி மெல்லக் கீழே இறங்கியது.

இன்ஜினியர் நெற்றியைத் தடவிக்கொண்டு, ரோட்டின் அகலத்தை இப்போதே அளக்கிறவர் மாதிரி தூரத்தில் பார்த்தார்.

"நல்லாப் பேசுனீங்க" என்றார் அத்தை, வீட்டுக்குள் வந்ததும். "இனிமே வண்டிய நிறுத்த இடமில்ல. உங்க வாய்க்குள்ள நிறுத்திக்கோங்க. தாராளமா ரெண்டு வண்டி நிக்கும்."

"அவங்க எப்படிடி தன்னந்தனியான்னு சொல்லலாம்?" என்றார் மாமா. எனக்கு அன்று சாயங்காலம் இரண்டு காபி வந்தது.

ரோட்டைத் தோண்டினார்கள், ஊர் திட்டியது, பாலம் வந்தது. அடியில் லாரி நுழைகிற உயரத்தில், இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் தெரிகிற மாதிரி. ஓரத்தில் கம்பி. திட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு சைக்கிளைக்கூடச் சாய்க்க முடியாது. மாமாவின் கார் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், துணி வெளுக்கிற கூடத்துக்கு அருகே நிற்கிறது. அங்கே புதுப் பிள்ளைகள் வருவதில்லை. சில மாதங்கள் வண்டி துடைத்தது துடைத்தபடியே நின்றது. அப்புறம் அத்தை போனைப் பிடுங்கி, வண்டி கூப்பிடுகிற செயலியை ஏற்றி, தானே சவாரி பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். முதல் வாரமே ஐந்து நட்சத்திரம். ஆய்வு முடிந்து வேறு ஊருக்குப் போயிருந்த எனக்குப் போன் போட்டு மாமா அதைப் படித்துக் காட்டினார். "'வண்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது'ன்னு எழுதியிருக்கான் மாப்ளே. முகம் தெரியாதவன்தான், ஆனா விவரமானவன்."

போன மாதம் பாலத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். மாமா, அத்தை, நான் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கீழே தண்ணீரை ஒட்டி அவை வந்தன. ஒன்றிரண்டு தயங்கின, சுற்றின, பிறகு வெளிச்சத்தைப் பார்த்துப் பாலத்துக்கு அடியில் நுழைந்தன. நாங்கள் மூவரும் அந்தப் பக்கக் கம்பிக்கு ஓடினோம். வெளியே வந்தன, படித்துறையைத் தாண்டி, செடி வைத்த கரையைத் தாண்டி, மேலே போய்க்கொண்டே இருந்தன.

"ஒரு நன்றி கூடச் சொல்லாமப் போகுது பாரு" என்றார் மாமா.

அந்த நேரம் ஒரே ஒரு பூச்சி கூட்டத்தை விட்டுப் பிரிந்து மேலே எழும்பி, கம்பியைத் தாண்டி வந்து, அப்போதுதான் முகம் கழுவி வந்திருந்த மாமாவின் தலையில் இறங்கியது. எழும்பியது. மறுபடி இறங்கியது.

"வண்டி போனா என்னங்க" என்றார் அத்தை. "தலை இருக்கே."

மாமா சிரிக்கவில்லை. கழுத்தை அசைக்காமல், கண்ணை மட்டும் மேலே தூக்கி, "மாப்ளே, வெச்சிடுச்சா?" என்று மூச்சை அடக்கிக் கேட்டார்.

"வெச்சிடுச்சு மாமா. மஞ்சளா ஒரு பொட்டு."

"காயறதுக்குள்ள போகணும்" என்றார். நிறைகுடம் சுமப்பவர் மாதிரி தலையை நேராக வைத்துக்கொண்டு, சந்துக்குள் திரும்பி, ஓடைப் படியில் ஒவ்வொன்றாக இறங்கினார்.

"பாலந்தான் வந்துடுச்சே, அதுவே போய்க்காதா?" என்று மேலிருந்து கேட்டார் அத்தை.

மாமா கடைசிப் படியில் மண்டியிட்டு, தலையை மெல்லத் தண்ணீரில் இறக்கினார்.